உடைந்த பிக்சர் டியூப் கண்ணாடிக்குள் ஈயம் எப்படி உட்கார்ந்திருக்கிறது?

#1 முருங்கைமரம்

வணக்கம். போன வாரம் பரணில் கிடந்த 14 இஞ்ச் டிவியைக் கழித்துக்கட்டினோம். 2006இல் ஆரம்பித்து அரசாங்கம் வீட்டுக்கு வீடு இலவசமாகக் கொடுத்ததே, அதே டிவிதான். அப்பா பெயரில் வந்தது. எடைக்கு எடுக்க வந்த காயலாங்கடைக்காரர் பின்மூடியைக் கழற்றி, போர்டையும் செம்புச் சுருளையும் உருவிக்கொண்டு, டியூபின் கழுத்தில் ஒரு தட்டுத் தட்டினார். கழுத்து ஒடிந்து ‘உஸ்ஸ்’ என்று நீளமாக ஒரு சத்தம். “கண்ணாடி வேணாம் சார், யாரும் வாங்க மாட்டாங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதைத் தூக்கி ஓரமாக வைக்கப்போன மைத்துனன் கைநழுவ விட்டுவிட்டான். இப்போது கொல்லையில், கீரைப் பாத்திக்குப் பக்கத்தில், பத்துப் பதினைந்து துண்டாகக் கிடக்கிறது.

குடும்ப வாட்சப்பில் சித்தப்பா, “அதில் ஈயம் இருக்கிறது, கீரையைத் தொடாதே” என்கிறார். மாமா, “கண்ணாடி கண்ணாடிதான், ஆயிரம் வருஷம் ஆனாலும் ஒன்றும் வெளியே வராது” என்கிறார். எட்டாவது படிக்கிற பையன் இரண்டு பேரையும் விட்டுவிட்டு என்னிடம் வந்து, “ஈயம் உலோகம்தானே அப்பா, அப்புறம் எப்படிக் கண்ணாடி வழியா அந்தப் பக்கம் தெரியுது?” என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கரும்பலகை

உங்கள் பையன் பிடித்ததுதான் சரியான நுனி. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன், கொஞ்சம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் உலோகத் துண்டில் அணுக்கள் தங்கள் வெளி எலக்ட்ரான்களைப் பொதுவில் விட்டுவிடும். யாருக்கும் சொந்தமில்லாமல் துண்டு முழுக்க அவை அலையும். ஒளியை மறிப்பதும் பளபளப்பதும் அவற்றின் வேலை. டியூப் கண்ணாடியில் இருக்கும் ஈயம் அப்படி இல்லை. மணலோடு ஈய ஆக்சைடாகச் சேர்த்து உலையில் உருக்கியது. ஒவ்வொரு ஈய அணுவும் இரண்டு எலக்ட்ரானை ஆக்சிஜனிடம் கொடுத்துவிட்டு அயனியாக நிற்கிறது. அலைவதற்கு எலக்ட்ரான் இல்லை, ஒளி தாராளமாகப் போய்விடுகிறது. சோடியமும் உலோகம்தான். சமையல் உப்பில் அது பளபளக்கிறதா என்ன?

இனி எண்ணிக்கை. டியூபின் பின்பக்கம், புனல் மாதிரி குறுகிக்கொண்டே போகும் பகுதியில், எடையில் 20 முதல் 25 சதவீதம் ஈய ஆக்சைடு. கேட்டால் பயமாக இருக்கும். 100 கிராம் புனல் கண்ணாடியில் 22 கிராம் ஈய ஆக்சைடு, 54 கிராம் சிலிக்கா என்று வைத்துக்கொண்டு, மூலக்கூறு எடைகளால் (223, 60) வகுத்துப் பாருங்கள். ஒன்பது சிலிக்கன் அணுவுக்கு ஒரே ஓர் ஈய அணு வரும். எடையில்தான் அது பெரிய ஆள்.

அந்த ஒன்று எங்கே உட்காருகிறது? சிலிக்கன் ஒவ்வொன்றும் நான்கு ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு நான்முகியாக நிற்கும். சிலிக்கனுக்கும் ஆக்சிஜனுக்கும் தூரம் 1.6 ஆங்ஸ்ட்ராம் (ஒரு மீட்டரை ஆயிரம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம்). நான்முகிகள் மூலையோடு மூலை கோத்து, ஒழுங்கில்லாத வலையாக ஓடும். சோடியம், பொட்டாசியம் வந்தால் வலையில் அங்கங்கே முடிச்சு அவிழும், அந்தப் பொந்துகளில் அவை குடியேறும். ஸ்ட்ரான்சியமும் பேரியமும்கூட இதே ரகம்.

ஈயம் கொஞ்சம் விசித்திரம். அதன் அயனி ஆரம் 1.19 ஆங்ஸ்ட்ராம், ஸ்ட்ரான்சியத்துக்கு 1.18. அளவில் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் நடத்தை வேறு. ஈயத்துக்கு 82 எலக்ட்ரான், வெளிக்கூட்டில் இருக்கும் கடைசி நான்கில் இரண்டு 6பி என்ற ஆர்பிட்டாலில் (எலக்ட்ரான் குடியிருக்கும் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள்), இரண்டு 6எஸ்-இல். 6பி-யில் இருப்பதைக் கொடுத்துவிடும், 6எஸ் ஜோடியை விடாது. உட்கருவில் அவ்வளவு மின்னூட்டம் இருப்பதால், அதை ஒட்டிச் சுற்றும் உள் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய 60 சதவீத வேகத்தில் ஓடுகின்றன. அங்கே ஐன்ஸ்டைனின் சார்பியல் வந்துவிடுகிறது, எஸ் ஆர்பிட்டால்கள் சுருங்கி உட்கருவோடு நெருங்கிவிடுகின்றன. பிளஸ் டூவில் ‘மந்த இணை விளைவு’ என்று மனப்பாடம் செய்தோமே, அதன் அடிவேர் இதுதான்.

விடாமல் வைத்திருக்கும் அந்த ஜோடி ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டு இடம் பிடித்துக்கொள்ளும். அதனால் ஈயம் தன்னைச் சுற்றி எல்லாத் திசையிலும் ஆக்சிஜன் வைத்துக்கொள்வதில்லை. மூன்று நான்கு ஆக்சிஜன் ஒரு பக்கம், எலக்ட்ரான் ஜோடி மறுபக்கம். பிரமிடின் உச்சியில் ஏறி உட்கார்ந்த மாதிரி. ஆக்சிஜனுக்குத் தூரம் 2.2, 2.3 ஆங்ஸ்ட்ராம் அளவில். சோடியம் மாதிரி பொந்தில் சும்மா ஒண்டிக்கொள்ளாமல், வலையோடு பாதி உறவு வைத்துக்கொள்கிறது.

கீரைக்கு அப்புறம் வருகிறேன். வகுப்பு இருக்கிறது.

#3 ரசவாதி

டீச்சர், ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஈயச் சொம்பில்தான் ரசம். அப்போ நாங்கள் எல்லாம் என்ன ஆனோம்?

#4 கரும்பலகை

நல்லாத்தான் இருப்பீர்கள். ரசச் சொம்பு வெள்ளீயம், அணு எண் 50. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் அதுதான். டியூபில் இருப்பது காரீயம், 82. தமிழில் இரண்டையும் ஈயம் என்றே சொல்லிப் பழகியதால் வரும் குழப்பம். தனிம அட்டவணையில் இரண்டும் ஒரே நெடுவரிசை, ஒன்றன் கீழ் ஒன்று. ஆனால் வெள்ளீயம் நான்கு எலக்ட்ரானையும் எளிதாகக் கொடுத்துவிடும், காரீயம் இரண்டோடு நிறுத்திக்கொள்ளும்.

புதிதாகச் சொம்பு வாங்கினால் மட்டும் நம்பிக்கையான கடையில் வாங்குங்கள். வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்து விற்பவர்களும் உண்டு.

#5 பழைய மெக்கானிக்

தம்பி முருங்கைமரம், 30 வருஷம் டிவி ரிப்பேர் பார்த்தவன். நீங்கள் கேட்ட உஸ் சத்தம் காற்று உள்ளே போன சத்தம். டியூபுக்குள் வெற்றிடம். விஷவாயு இருக்கிறது என்று ஊரில் ஒரு கதை உண்டு, நம்பாதீர்கள்.

கண்ணாடி ஒரே கண்ணாடி இல்லை. முன்னாடி படம் தெரியும் தடித்த பகுதி ஒன்று, பின்னாடி புனல் ஒன்று, கழுத்து ஒன்று. முன்பகுதியும் புனலும் சேரும் இடத்தில் சாம்பலும் மஞ்சளுமாக ஒரு கோடு ஓடும் பாருங்கள், அதுதான் ஒட்டுப்பசை. தொழிலில் ஃபிரிட் என்பார்கள். புனலில் மேலேயும் உள்ளேயும் இருக்கும் கறுப்பு, கிராஃபைட் பூச்சு. முன்கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளைப் பவுடர் ஒட்டியிருக்கும், அதைச் சுரண்ட வேண்டாம், ஊத வேண்டாம்.

இன்னொரு விஷயம். அப்ரண்டிசாக இருந்த காலத்தில் கழுத்துத் துண்டு ஒன்றைக் கேஸ் டார்ச்சில் காட்டி விளையாடினோம். மஞ்சள் சுடரில் காட்டினால் கண்ணாடி கறுத்துப் போய், மேலே வெள்ளி மாதிரி ஒரு மினுக்கம் வரும். ஏன் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. முதலாளி முதுகில் வைத்த அறைதான் நினைவு.

#6 கரும்பலகை

அண்ணே, அந்த மினுக்கம்தான் ஈயம். மஞ்சள் சுடரில் ஆக்சிஜன் போதாது, கண்ணாடியின் மேற்பரப்பிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். ஆக்சிஜனை இழந்த ஈய அயனி மறுபடி உலோகமாகிவிடும். பையனின் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை: உலோகமானதும் ஒளி நின்றுவிட்டது. யாரும் செய்து பார்க்க வேண்டாம், அந்தப் புகையை மூச்சில் இழுக்கவே கூடாது. முதலாளி அறைந்தது நியாயம்தான்.

#7 தர்க்கன்

எல்லாம் சரி. ஆனால் இவ்வளவு இறுக்கமாக வலையில் மாட்டியிருக்கும் ஈயம் கீரைக்கு எப்படிப் போகும்? வெளிநாட்டில் கிரிஸ்டல் கோப்பை என்று 24 சதவீத ஈய ஆக்சைடு உள்ள கண்ணாடியில் ஒயினே குடிக்கிறார்கள். எவனாவது செத்தானா? முருங்கைமரத்தின் மாமா சொல்வதுதான் அறிவியல். சும்மா பீதி கிளப்பாதீர்கள்.

#8 கரும்பலகை

நல்ல உதாரணம் எடுத்தீர்கள். ஒரு வேளை விருந்தில் அரை மணி நேரம் கோப்பையில் இருந்தால் பெரிதாக ஒன்றுமில்லை. கிரிஸ்டல் குடுவையில் மாதக்கணக்கில் ஊற்றி வைத்தால்? 1991இல் வெளிவந்த ஓர் ஆய்வில் போர்ட் ஒயினை அப்படி நான்கு மாதம் வைத்துப் பார்த்தார்கள். லிட்டருக்கு 89 மைக்ரோகிராமாக இருந்த ஈயம் 3,500க்கு மேல் ஏறியது. ஒயின் லேசான அமிலம், அவ்வளவுதான்.

நடப்பது இது. அமிலத்தில் இருக்கும் ஹைட்ரஜன் அயனி மிகச் சின்னது. கண்ணாடியின் மேற்பரப்பில் நுழைந்து ஈயத்தின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு அதை வெளியே தள்ளும். சிலிக்கன் ஆக்சிஜன் பிணைப்பு இதற்கெல்லாம் அசையாது. ஈயம் ஆக்சிஜன் பிணைப்பு நீளமானது, பலவீனமானது, அசைந்துவிடும். வலை நிற்கும், ஈயம் போகும்.

அமெரிக்காவில் ஒரு கழிவு ஆபத்தானதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. 9.5 மில்லிமீட்டருக்குக் கீழே உடைத்து, அசிட்டிக் அமிலக் கரைசலில் போட்டு 18 மணி நேரம் சுழற்றுவார்கள். நம் ஊர் வினிகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் வந்தால் ஆபத்துப் பட்டியல். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் டிவி, மானிட்டர் டியூப்களை வைத்துச் செய்தபோது சராசரி 18.5 வந்தது. ‘உடைத்து’ என்பதைக் கவனியுங்கள். முழு டியூபை மழையில் வைத்தால் மெதுவாகத்தான் வரும். துண்டு சிறிதாகச் சிறிதாக மேற்பரப்பு கூடும், கூடவே கசிவும் கூடும்.

ஆகவே மாமாவுக்குப் பாதி, சித்தப்பாவுக்குப் பாதி.

#9 ஒளிவட்டம்

ஈயத்தை ஏன் போட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லையே. இயற்பியல் ஆள் நான், இதில் என் பங்கு.

டியூபின் கழுத்திலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் 20,000, 25,000 வோல்ட்டில் முடுக்கப்பட்டு திரையில் மோதும். மோதிய வேகத்தில் எக்ஸ் கதிர் வரும், அதிகபட்ச ஆற்றல் 25 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அதை மறிக்கத்தான் கன அணுக்கள். கனமான எந்த அணு வேண்டுமானாலும் போதும் என்று நினைக்கக் கூடாது, எந்தக் கூட்டில் எந்த எலக்ட்ரான் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பதுதான் கணக்கு. ஈயத்தின் உள் கூடான கே-யில் இருப்பதைக் கிளப்ப 88 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், டிவியால் ஆகாது. அடுத்த கூடான எல்-இல் இருப்பவற்றுக்கு 13 முதல் 16 போதும். டிவியின் எக்ஸ் கதிருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை! வந்த ஃபோட்டானை, அதாவது எக்ஸ் கதிரின் ஒரு துணுக்கை, எல் எலக்ட்ரான் விழுங்கிவிட்டு வெளியே குதிக்கும், கதிர் அங்கேயே முடிந்தது.

அப்படியானால் முன்கண்ணாடியிலும் ஈயத்தையே போட்டிருக்கலாமே? போட்டால் எலக்ட்ரான் மழையில் ஈய அயனிகள் உலோகமாக மாறி, திரை நாளடைவில் பழுப்பாகிவிடும். அண்ணன் டார்ச்சில் பார்த்ததன் தம்பி. அதனால் கலர் டியூபின் முன்பக்கம் ஸ்ட்ரான்சியமும் பேரியமும். ஸ்ட்ரான்சியத்தின் கே கூடு 16.1-இல் இருக்கிறது, 25-க்குக் கீழே. பேரியத்தின் கே 37.4, எட்டாது. தன்னைவிடக் கனமான பேரியத்தைவிட அந்த வேலையை ஸ்ட்ரான்சியம் நன்றாகச் செய்கிறது. ஒரு காலத்தில் உலகில் தோண்டிய ஸ்ட்ரான்சியத்தில் பெரும்பங்கு டிவித் திரைக்கே போனது.

1967இல் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கலர் டிவிகளில் எக்ஸ் கதிர் கசிகிறது என்று பெரிய கலவரம். பெரும்பாலும் படக்குழாயிலிருந்து இல்லை, உள்ளே இருந்த மின்னழுத்தச் சீராக்கி வால்விலிருந்து, தரையை நோக்கி. அடுத்த வருஷமே அதற்கென்று சட்டம் போட்டார்கள்.

#10 சின்னப்பொண்ணு

அண்ணா, அப்போ அந்தக் கண்ணாடியில் இன்னும் கதிர் இருக்குமா? என் அம்மா பழைய டிவியைத் தொட்டாலே கை கழுவச் சொல்வார்.

#11 ஒளிவட்டம்

இல்லைம்மா. சுவிட்சை அணைத்த நொடியே எக்ஸ் கதிர் நின்றுவிடும். டியூப்லைட்டை அணைத்தால் அறையில் வெளிச்சம் மிச்சம் இருக்கிறதா? அம்மா கை கழுவச் சொன்னது வேறு காரணத்துக்கு நல்லதுதான், கழுவுங்கள்.

இயற்கை ஈயத்தின் நான்கு ஐசோடோப்புகளும் (புரோட்டான் ஒன்றே, நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் வேறான வகைகள்), 204, 206, 207, 208, நிலையானவை. 82 புரோட்டான் என்பதே உட்கருவுக்கு ராசியான எண், அந்த எண்ணிக்கையில் உட்கரு உறுதியாக நிற்கும். 208-இல் நியூட்ரான் எண்ணிக்கை 126, அதுவும் ராசி எண். தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் சிதைந்து சிதைந்து கடைசியில் வந்து நிற்கும் இடம் இந்த 208. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கும் தோரியத்தில் ஒரு துளி இந்த நிமிஷமும் ஈயமாகிக்கொண்டிருக்கிறது. தலைப்பை விட்டு விலகிவிட்டேன், மன்னிக்கவும்.

#12 முருங்கைமரம்

எல்லாருக்கும் நன்றி. பையனும் நானும் ஒரு சின்னச் சோதனை செய்தோம். கையுறை போட்டுக்கொண்டுதான். சமையலறைத் தராசை எடுக்க வீட்டில் விடவில்லை, தபால் எடை போட வைத்திருந்த தராசு கிடைத்தது.

புனல் துண்டு ஒன்று, 148 கிராம். ஒரு பழைய பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் வைத்து, தராசைப் பூச்சியமாக்கி, துண்டை நூலில் கட்டி அடியில் படாமல் தொங்கவிட்டோம். 49 காட்டியது. அது துண்டு விலக்கிய தண்ணீர். வகுத்தால் 3.02. முன்கண்ணாடித் துண்டு 131 கிராம், தண்ணீர் 47, அடர்த்தி 2.79. ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றும் பார்த்தோம், 2.5. மூன்றையும் வரிசையாக வைத்துவிட்டுப் பையன், “ஈயம் தெரியலை, ஆனா கனக்குது” என்றான். அந்த மக்கை இனி யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு.

கீரைக்கு என்ன செய்ய?

#13 கரும்பலகை

ஜோராகச் செய்திருக்கிறீர்கள்!

துண்டுகளை முதலில் தண்ணீர் தெளித்து நனையுங்கள், காய்ந்த துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், தூள் பறக்கும். தடித்த கையுறை, முகக்கவசம். முன்பகுதி ஒரு சாக்கில், புனல் ஒரு சாக்கில். மண்ணில் தூளாகக் கிடந்தால் அந்த இடத்து மேல்மண்ணையும் வழித்து அதே சாக்கில் போடுங்கள். ஈயம் களிமண்ணோடும் பாஸ்பேட்டோடும் ஒட்டிக்கொள்ளும் குணம் உள்ளது, வேர் வழியாகக் கீரைக்குள் ஏறுவது குறைவு. மழை தெறித்து இலையில் ஒட்டும் மண்தான் கீரையில் வம்பு. இந்தப் போகத்தை விட்டுவிடுங்கள்.

அளவை ஏன் பார்க்கிறோம் என்றால், உடம்புக்கு ஈயத்தையும் கால்சியத்தையும் சரியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டுக்கும் இரட்டை மின்னூட்டம். எலும்பில் கால்சியத்தின் இடத்தில் போய் உட்கார்ந்தால் வருஷக்கணக்கில் இருக்கும். குழந்தைகளுக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

#14 கடைசிபெஞ்ச்

ஒரு மனக்கணக்கு. 14 இஞ்ச் டியூபில் புனல் சுமார் இரண்டு கிலோ என்று வையுங்கள். 22 சதவீத ஆக்சைடு என்றால் தனி ஈயம் 400 கிராம். இலவச டிவி ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுத்தார்கள். பெருக்கினால் 6,000 டன். ஒரு திட்டத்துக்கு மட்டும். அத்தனையும் இப்போது எந்தப் பரணில், எந்தக் குட்டையில்?

#15 தர்க்கன்

புனல் எடை உங்கள் ஊகம், இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் டிவிகளும் உண்டு. பாதி என்று வைத்தாலும் 3,000 டன், சரி, அதுவும் சின்னது இல்லை. ஒயின் விஷயத்தில் என் பேச்சை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் சாக்கில் கட்டினால் யார் வாங்குவார்கள்? காயலாங்கடைக்காரரே வேண்டாம் என்கிறாரே.

#16 குப்பைக்கணக்கு

மின்கழிவுத் தொழிலில் இருக்கிறேன். வலிக்கிற இடத்தில் கை வைத்துவிட்டீர்கள்.

டியூப் கண்ணாடிக்கு ஒரு காலத்தில் நல்ல கிராக்கி. பழையதை உடைத்துக் கழுவிப் புது டியூப் செய்யவே போடுவார்கள். அந்த வேலை கடைசிக்காலம் வரை நடந்த இடங்களில் ஒன்று நம் குஜராத்தின் பரூச். அமெரிக்காவிலிருந்துகூடக் கண்ணாடி கப்பலேறி அங்கே வந்தது. தட்டைத் திரை வந்து டியூப் தொழிற்சாலைகள் மூடியதும், 2010களின் நடுவில் அதுவும் நின்றது. வாங்க ஆளில்லாமல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலம் கொலம்பஸ் நகரில் பத்தாயிரக்கணக்கான டன் கண்ணாடியைக் கிடங்கிலேயே விட்டுவிட்டு ஒரு கம்பெனி காணாமல் போனது.

இப்போது உள்ள நேர்வழி, ஈயம் உருக்கும் ஆலை. அங்கே கசடு உருவாக எப்படியும் மணல் வேண்டும், மணலுக்குப் பதில் இந்தக் கண்ணாடியைப் போட்டால் உள்ளே இருக்கும் ஈயமும் கரியோடு சேர்ந்து உலோகமாகக் கீழே இறங்கும். அண்ணனின் மஞ்சள் சுடர்தான், பெரிய அளவில், புகைப் பிடிப்பானோடு. சிக்கல் கூலி. ஒரு டன்னில் ஈயம் 200 கிலோ, லாரி வாடகை முழு டன்னுக்கு.

நம் மின்கழிவு விதிகள் 2012 மே முதல் நடைமுறையில் உள்ளன, 2023 ஏப்ரலில் புதியது வந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் பட்டியல் இருக்கும், போன் போட்டுக் கேளுங்கள். முழு டிவியாகக் கொடுத்தால் வாங்குவார்கள், செம்பு இருக்கிறதே. வெறும் கண்ணாடி என்றால் இழுப்பார்கள். அதனால்தான் எல்லாரிடமும் சொல்கிறேன், டிவியைப் பிரிக்காமல் கொடுங்கள்.

முருங்கைமரம் சார், உங்கள் இரண்டு சாக்கை நான் சொல்லி வைக்கிறேன். தனி மடலில் ஊரைச் சொல்லுங்கள்.

#17 பழைய மெக்கானிக்

தம்பி, சாக்குக் கட்டும் முன் ஒன்று. ஒட்டுப்பசைக் கோடு இருக்கும் ஓரங்களைத் தனிப் பையில் போடுங்கள். அதுதான் எல்லாவற்றிலும் மோசம் என்பார்கள். அப்புறம் கழுத்து. கழுத்தில் புனலைவிட ஈயம் அதிகம். விரல் தடிமனுக்குக் கொஞ்சம் பெரிய குழாய், உள்ளே துப்பாக்கி என்று சொல்லும் இரும்புச் சாமான் நீட்டிக்கொண்டிருக்கும். எண்ணிப் பார்த்தீர்களா?

#18 கரும்பலகை

அண்ணன் சொல்வது சரி. கழுத்தில் 30 சதவீதத்தை ஒட்டி. ஒட்டுப்பசையில் 70க்கு மேல் ஈய ஆக்சைடு, மீதி போரானும் துத்தநாகமும். அங்கே போரான் அணுவைவிட ஈய அணு அதிகம். மற்றவர் கட்டிய வலையில் குடியிருந்தது போய், ஈயமே வலையைக் கட்டும் இடம் அது. அமிலம் பட்டால் அந்த வலையே அவிழும்.

#19 முருங்கைமரம்

அண்ணே, இப்போதுதான் கொட்டிப் பார்த்தோம். புனல் இருக்கிறது, முன்பகுதி இருக்கிறது, கோடு ஓடும் ஓரத் துண்டு ஆறு. கழுத்தைக் காணோம். காயலாங்கடைக்காரருக்குப் போன் போட்டால், “நான் எடுக்கலை சார், அங்கேயேதான் போட்டேன்” என்கிறார்.

#20 முருங்கைமரம்

கிடைத்துவிட்டது. பையனின் பள்ளிப் பையில், ஜியாமெட்ரி பாக்ஸுக்குப் பக்கத்தில், கைக்குட்டையில் சுற்றி. ராக்கெட் மாதிரி இருக்கிறது என்று முதல் நாளே எடுத்து வைத்துக்கொண்டானாம். வகுப்பில் நாலு பேருக்குக் காட்டியும் ஆயிற்று. எதையும் தொடாதே என்று நாலு நாளாக இங்கே படித்துப் படித்து அவனுக்குச் சொன்னது நான்தான்.

#21 பழைய மெக்கானிக்

அடிக்காதீர்கள் தம்பி. கையை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள், பையை உதறாமல் ஈரத்துணியால் துடையுங்கள், கைக்குட்டை சாக்கோடு போகட்டும். என் கடையில் துப்பாக்கி மட்டும் தனியாக, கண்ணாடி இல்லாமல் ஒன்று கிடக்கிறது. துடைத்து அனுப்பி வைக்கிறேன், ராக்கெட்டுக்கு அது போதும்.